மயால் ஓடையின் ஏழு கற்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வடபகுதியில், குவைடர் ஆற்றங்கரையில் பிங்காரா என்றொரு சிற்றூர் உண்டு. அதன் தெருவொன்றில் ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்த ஊர் மைந்தரின் நினைவாக நடப்பட்டவை அவை. கனிகள் பழுத்துத் தொங்கினாலும் வழிப்போக்கர் கை வைப்பதில்லை. ஆண்டுதோறும் விழாவெடுத்து ஊர்ச் சிறுவர் பறிக்கும்வரை அவை கிளைகளிலேயே காத்திருக்கும். இறந்தோரை மறவாத இப்பண்பை வியந்தவாறே டெலுங்ரா செல்லும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் பயணம் செய்தால் மயால் ஓடையை அடையலாம். அங்கே இறந்தோர்க்கு 162 ஆண்டுகள் நினைவுக்கல் ஏதும் எழுப்பப்படவில்லை.

இன்று அங்கே ஒரு நடைபாதை இருக்கின்றது. யூகலிப்டஸ் மரங்களுக்கும் உயர்ந்த புற்களுக்கும் இடையே செந்நிறச் சரளைப் பாதை வளைந்து வளைந்து செல்கின்றது. வழியில் ஏழு கருங்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. அதில் ஆங்கிலத்திலும், அம்மண்ணின் மொழியாகிய கமிலராயிலும் ஒரு வரலாற்றின் சிறு பகுதி. ஒரு கல்லருகே நின்று படித்துவிட்டு நடந்தால்தான் அடுத்த பகுதி கிட்டும். எவரும் இங்கே விரைந்து நடக்க இயலாது.

அந்த வரலாறு இது. 1830களில் ஆங்கிலேயக் குடியேறிகளின் மந்தைகள் வடக்கு நோக்கிப் பரவின. மயால் ஓடைக் கரையில் ஹென்றி டேங்கர் என்பவருக்கு ஒரு மேய்ச்சல் பண்ணை இருந்தது. விர்ராயராய் என்னும் பழங்குடி மக்கள் சிலர், 1838ஆம் ஆண்டு சில வாரங்களாக அப்பண்ணைக் குடில்களின் அருகே அமைதியாகத் தங்கியிருந்தனர். பணியாளருள் ஒருவனான சார்லஸ் கில்மெய்ஸ்டர் அவர்களோடு நெருங்கிப் பழகியவன். ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆயுதமேந்திய குதிரைக் கூட்டமொன்று அங்கு வந்தது. ஆடவர் பலர் மரப்பட்டை வெட்டுவதற்காக வேறொரு பண்ணைக்குச் சென்றிருந்த நேரம். எஞ்சியிருந்த பெண்கள், குழந்தைகள், முதியோர் என ஏறத்தாழ 28 பேரை ஒரே நீண்ட கயிற்றில் பிணைத்து, அருகிலிருந்த மேட்டுக்கு அப்பால் இழுத்துச் சென்று வெட்டிக் கொன்றனர். கில்மெய்ஸ்டரும் அக்கொலைஞரோடு சேர்ந்துகொண்டான். பின்னர் அவர்கள் திரும்பி வந்து உடல்களை எரித்தனர்.

இத்தகைய கொடுமைகள் அக்காலத்தில் வேறிடங்களிலும் நிகழ்ந்தன. ஆனால் மயால் ஓடையில் சிலர் வாய் திறந்தனர். குடில் காவலனான ஜார்ஜ் ஆண்டர்சன், இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒரு கைதி. கொலையில் சேர மறுத்த அவன், ஒரு சிறுவனைக் காப்பாற்றினான். பின்னர் நீதிமன்றத்தில் கண்டதைக் கண்டவாறே உரைத்தான். வெளியூர் சென்று திரும்பிய பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ், எரிந்த எலும்புகளைக் கண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார். அதன் விலையாகத் தம் வேலையை இழந்தார். ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸின் ஆணைப்படி எட்வர்ட் டென்னி டே என்னும் நீதித்துறை நடுவர் விசாரித்துப் பதினொருவரைக் கைது செய்தார். பன்னிரண்டாமவனும் நிலவுடைமைக் குடும்பத்தவனுமாகிய ஜான் பிளெமிங் மட்டும் தப்பினான். அவன் இறுதிவரை நீதியின் முன் நிறுத்தப்படவேயில்லை.

வழக்கை நடத்தியவர் குடியேற்ற நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜான் ஹியூபர்ட் பிளங்கெட். அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கர் அவர். கத்தோலிக்கர் என்பதாலேயே பொதுப்பதவிகள் மறுக்கப்பட்ட தலைமுறையைக் கண்டவர். சட்டம் ஒரு மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர். நிலவுடைமையாளர் பணம் திரட்டிக் குற்றவாளிகளுக்கு வழக்கறிஞர்களை அமர்த்தினர். சிட்னியின் முன்னணிச் செய்தித்தாளும் வழக்கை எதிர்த்தது. நவம்பர் 15 அன்று நடந்த முதல் விசாரணையில், எரிந்த உடல் யாருடையது என்பதை ஐயமற நிறுவ இயலாமையால், ஜூரிகள் சிறிது நேரத்திலேயே பதினொருவரையும் விடுவித்தனர்.

பிளங்கெட் ஓயவில்லை. ஒரு குழந்தையின் கொலையை முன்வைத்து எழுவர்மீது அதே மாத இறுதியில் மீண்டும் வழக்குத் தொடுத்தார். இம்முறை குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. டிசம்பர் 18 அன்று எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய நால்வர் வழக்கு டேவி என்னும் பழங்குடி இளைஞனின் சாட்சியத்தை நம்பியிருந்தது. கிறிஸ்தவரல்லாத பழங்குடியினர் சத்தியப்பிரமாணம் செய்ய அன்றைய சட்டம் இடந்தரவில்லை. டேவியும் முன்வந்து நிற்கவில்லை. 1839இல் நால்வரும் விடுதலையாயினர். பழங்குடியினரின் சாட்சியத்தை ஏற்கும் சட்டம் கொணரப் பிளங்கெட் மீண்டும் மீண்டும் முயன்று தோற்றார். அம்மாநிலத்தில் அதற்கு வழி பிறந்தது 1876இல்தான்.

தண்டனை கண்டு கொலைகள் நின்றுவிட்டனவா? இல்லை. கொல்பவர் மறைத்துக் கொல்லக் கற்றனர். கண்டவர் காணாதவராய் இருக்கக் கற்றனர். தூக்குமரம் அச்சத்தைத் தந்தது, மனமாற்றத்தைத் தரவில்லை. ஓடைக் கரையிலும் மௌனம் புல்லாய் முளைத்து மூடிற்று. கொல்லப்பட்டோரின் வழிவந்தோர் மட்டும் அதைத் தம் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த குரலில் சொல்லி வந்தனர்.

அம்மௌனத்தைக் கலைத்தது நீதிமன்றமன்று. 1998இல் ஒப்புரவைப் பற்றிச் சிந்திக்க மயால் ஓடைப் பொதுக்கூடத்தில் மக்கள் கூடினர். பழங்குடியினரும் வெள்ளையரும் இணைந்து ஒரு குழு அமைத்தனர். 2000 ஜூன் 10 அன்று இந்நினைவிடம் திறந்து வைக்கப்பட்டது. கொல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களும், கொன்றோரின் வழித்தோன்றல்களும் அன்று ஒன்றாக நின்றனர், ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். தம் முன்னோனின் குற்றத்தைத் தம்முடையதென்று அவர்கள் சுமக்கவில்லை. அது நடக்கவில்லை என்று சொல்ல மறுத்தனர், அவ்வளவே. அந்த அளவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவராலும் இயலாததாக இருந்தது.

2005இல் யாரோ இரவோடிரவாய் வந்து பலகைகளைச் சிதைத்தனர். கொலை, பெண்கள், குழந்தைகள் என்னும் பொருள்தரும் சொற்களைத் தேடித் தேடிச் சுத்தியலால் அழித்திருந்தனர். அழிக்க விரும்பியவருக்கும் அச்சொற்களின் வலிமை தெரிந்திருந்தது. பலகைகள் செப்பனிடப்பட்டன. 2008இல் இவ்விடம் ஆஸ்திரேலிய தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் மக்கள் இங்கே கூடி, இலைப்புகையின் ஊடே கடந்து, கல்லுக்குக் கல் நின்று நடக்கின்றனர். பாதையின் முடிவில், கொலை நடந்த சரிவைப் பார்த்தவாறு ஒரு பெரும்பாறை இருக்கின்றது. அதன் முன் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது புல்லும் மரமும் அமைதியான மேடும்தான். ஏழு கற்களைக் கடந்து வந்திராவிட்டால் அதை அழகிய காட்சி என்று எண்ணிப் படமெடுத்துத் திரும்பியிருப்பார்.

பிங்காராவின் ஆரஞ்சு மரங்களைக் காப்பதும், மயால் ஓடையின் பலகைகளைச் செப்பனிடுவதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள். நம்மவர் இறந்ததை நினைவுகூர்வது எளிது. நம்மவரால் இறந்தோரை நினைவுகூர்வது அரிது. ஆண்டர்சன் என்னும் கைதி 1838இல் தனியனாய் நின்று சொன்ன உண்மையை, இன்று அந்தப் பாதையில் பலர் சேர்ந்து நடந்து சொல்கின்றனர்.