எல்க் மான்கள் மீண்ட பள்ளத்தாக்கு

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள எஸ்டஸ் பார்க் ஊருக்குக் கேமராக்களோடு கூட்டம் வந்து இறங்குகிறது. எல்க் மான்கள் இணைசேரும் பருவம் அது. முந்நூறு கிலோ எடையுள்ள ஆண் மான் கழுத்தை நீட்டிக் குரல் எழுப்பினால் வருவது உறுமல் அல்ல, கூர்மையான சீழ்க்கை!

இந்தக் காட்சி ஒரு காலத்தில் இங்கே அற்றுப்போயிருந்தது. 1860-களில் ஜோயல் எஸ்டஸ் குடும்பத்தோடு குடியேறியபோது இந்தப் பள்ளத்தாக்கில் மான்கள் மலிந்திருந்தன. பிறகு வந்த வேட்டைக்காரர்கள் டென்வர் சந்தைக்கு இறைச்சி அனுப்பியே அவற்றைத் தீர்த்துக்கட்டினார்கள். 1913, 1914 ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1915-இல் ஊரை ஒட்டி ராக்கி மலைத் தேசியப் பூங்கா பிறந்தது.

அதற்குள் துப்பாக்கியின் இடத்தைக் கேமரா பிடிக்கத் தொடங்கியிருந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷைராஸ் வேட்டையை விட்டுவிட்டு, இரவில் படகில் சென்று, மக்னீசியப் பொடி வெடித்துத் தரும் ஒளியில் மான்களைப் படம் பிடித்தார். 1906 ஜூலை 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. காட்டுயிர்ப் படக்கலையின் பெரிய திருப்பம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்று மான்களைக் காக்க வேண்டியிருப்பது படமெடுப்பவர்களின் ஆர்வத்திடமிருந்தும்தான். மிக நெருங்கினால் ஆண் மான் கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்துவிடும். பெண் மான்கள் சிதறி ஓடும். எனவே இலையுதிர் காலத்தில், மாலை தொடங்கி மறுநாள் காலை வரை, பூங்காவின் மொரெய்ன் பார்க் போன்ற புல்வெளிகளுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. சாலையோரம் நின்றபடி நீள லென்ஸில்தான் படமெடுக்க வேண்டும்.