இரண்டு கண்ணும் போனால்தான் கணக்கு

மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16.42 லட்சம் பேர். 2011இல் 11.79 லட்சம். பத்து வருஷத்தில் நாலரை லட்சம் பேர் எங்கே போனார்கள்?

பார்வைக் குறைபாடு என்ற ஒரே ஒரு வரிசையில் விடை இருக்கிறது. 2001இல் 9.64 லட்சம், 2011இல் 1.27 லட்சம். அந்த வரிசையை எடுத்துவிட்டுக் கூட்டினால் மற்றவர்கள் 6.8 லட்சத்திலிருந்து 10.5 லட்சமாக ஏறியிருக்கிறார்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இறக்கம், உள்ளே போய்ப் பார்த்தால் ஏற்றம்!

மாறியது கண் இல்லை, கேள்வி. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் சேர்த்தார்கள். மங்கலாகத் தெரிகிறது, ஆனால் கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று சோதித்துப் பார்க்கவே வாய்ப்பு கிடைக்கவில்லை என்பவரையும் சேர்த்தார்கள். 2011இல் ஒரு கண் தெரிந்தால் கணக்கில் இல்லை. காதுக்கு நேர் எதிர்: 2001இல் காதுக்கருவி வைத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார், 2011இல் வருவார்.

2001இல் மாற்றுத்திறனாளிகளில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருந்த ஒரே மாநிலம் தமிழ்நாடுதான். கண்ணாடிக் கடைப் பக்கமே போகாத பாட்டிமார்தான் இதற்குக் காரணம் என்பது என் ஊகம். அப்படியென்றால் அந்த "தப்பான" எண் உண்மையில் அளந்தது, யாருக்குக் கண் பரிசோதனை எட்டவில்லை என்பதை. சுகாதார ஏற்றத்தாழ்வு என்கிறோமே, அது இதுதான்.

நாமக்கல்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி 1இல். அதனால் சொந்தப் பெயரில் அதற்கு இருப்பதே 2001, 2011 என்ற இரண்டு கணக்கெடுப்பு எண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று எழுதினால் கதை கந்தல்.

இன்னும் பின்னால் போனால்? 1881 முதல் 1931 வரை வெள்ளைக்காரன் கணக்கெடுப்பு நான்கைக் கேட்டது: மனநோய், பிறவிச் செவிட்டூமை, இரு கண்ணும் தெரியாமை, தொழுநோய். (சொற்கள் அந்தக் காலத்தவை.) கால் ஊனம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1941இலிருந்து கேள்வியே போய்விட்டது. ஐ.நா. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு அறிவித்த 1981இல் திரும்பி வந்தது, "முழுக்க" என்ற அடைமொழியோடு: முழுக்கக் குருடு, முழுக்க ஊமை, முழுக்க முடம். நாடு முழுவதும் சுமார் 11 லட்சம் பேர்தான் தேறினார்கள். 1991இல் மறுபடியும் காணோம். ஜாவேத் அபிடி போன்றவர்கள் போராடித்தான் 2001இல் சேர்க்க வைத்தார்கள்.

எங்கள் தொழிலில் பூஜ்யமும் நல்-லும் வேறு வேறு. பூஜ்யம் என்றால் கேட்டோம், இல்லை. நல் என்றால் கேட்கவே இல்லை. 1941 முதல் 1971 வரையும் 1991இலும் நம்மிடம் இருப்பது நல்.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) வீட்டில் யாருக்காவது ஊனம் உண்டா என்று கேட்டார்கள். ஆறாம் சுற்றில் எடுத்துவிட்டார்கள். தேசிய மாதிரி ஆய்வு 2018இல் 76ஆம் சுற்றில் இதை எடுத்தாயிற்று என்று காரணம் சொன்னார்கள். அந்த ஆய்வு சொல்வது 2.2 சதவீதம். சரி, தலைகளை எண்ணியாயிற்று. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, பிரசவம், தடுப்பூசி எல்லாம் இருப்பது குடும்பநல ஆய்வில். ஒரு அட்டவணையில் ஊனம், இன்னொன்றில் நோய், இரண்டையும் கோக்கப் பொதுவான சாவி கிடையாது. திருச்செங்கோட்டில் போர் வண்டியில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சர்க்கரை பார்த்தார்களா, கண் தெரியாத பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன் எத்தனை தடவை பரிசோதனை நடந்தது என்று எந்தக் கணினியைக் கேட்டாலும் பதில் வராது.

கேட்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு, ஆறே கேள்விகளைத் தந்திருக்கிறது. ஊனம் என்ற சொல்லே வராது. கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா? நடக்க, படியேறச் சிரமமா? பதில் நாலு: இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021இலிருந்து நடக்கிறது. அந்தப் பதிவில் ஆறு கட்டம் கூடுதலாகச் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்.