‘பெகார்’னா அடியா, ஒட்டா? குழப்பும் ஸ்பானிஷ் வார்த்தை!

ஸ்பானிஷ் கத்துக்குற ஆசையில போன் மொழியை மாத்திப் பாருங்க. ஒரு மெசேஜை காப்பி பண்ணிட்டு வேற இடத்துல விரலை அழுத்திப் பிடிச்சா, ‘பெகார்’னு ஒரு பட்டன் வரும். அகராதியைப் புரட்டினா, அதுக்கு ‘அடித்தல்’னும் அர்த்தம் போட்டிருக்கும். போன் எதுக்குங்க நம்மளை அடிக்கச் சொல்லுது?

பதறாதீங்க. போன்ல அதுக்கு அர்த்தம் ‘பேஸ்ட்’. லத்தீனில் கீல் பூசுவதைக் குறித்த ‘பிகாரே’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. அதாவது, ஒட்டுறதுதான் மூத்த அர்த்தம். அடி, உதை எல்லாம் பின்னாடி வந்து சேர்ந்தது. ஸ்டிக்கருக்குப் பேரு ‘பெகாத்தீனா’, பசைக்கு ‘பெகமெந்தோ’.

எங்கே என்ன அர்த்தம்?

* வெயில்: ‘எல் சோல் பெகா ஃபுவெர்த்தே’ன்னா வெயில் பயங்கரமா அடிக்குது. அப்படியே நம்ம ஊர் பேச்சு!
* டிரெஸ்: சட்டை பேன்ட்டுக்கு மேட்ச் ஆகலையா? ‘நோ பெகா’.
* தூக்கம்: ‘ஓஹோ’ன்னா கண். ‘நோ பெகார் ஓஹோ’ன்னா ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.
* சத்தம்: ‘பெகார் உன் கிரீத்தோ’ன்னா ஒரு கத்து கத்துறது.
* காய்ச்சல்: ‘மே பெகோ லா க்ரீபே’ன்னா எனக்கு ஃப்ளூவை ஒட்ட வெச்சுட்டான்.

பூண்டை உரல்ல போட்டு இடிக்க மட்டும் இதைத் தேடாதீங்க. அதுக்கு ‘மச்சகார்’னு தனி வார்த்தை இருக்கு.

இதை மட்டும் மிஸ் பண்ணாதீங்க

மேலே சொன்ன காய்ச்சல் வாக்கியத்துல ‘லா க்ரீபே’யை எடுத்துட்டுப் பாருங்க. ‘மே பெகோ’ன்னு மட்டும் சொன்னா, ‘என்னை அடிச்சுட்டான்’. ‘மி மரீதோ மே பெகா’ன்னா, ‘என் புருஷன் என்னை அடிக்கிறார்’. படிக்கவோ வேலைக்கோ ஸ்பெயின் போன இடத்துல, பக்கத்து வீட்டுப் பெண் இப்படிச் சொன்னா, வேற ஏதோ அர்த்தம்னு சிரிச்சுட்டுக் கடந்துடக் கூடாது. பெண்கள் மீதான வன்முறைக்கு அங்கே 24 மணி நேர இலவச உதவி எண் 016. உடனடி ஆபத்துன்னா 112.

ஆக, ‘பெகார்’ காதுல விழுந்தா கூட வர்ற வார்த்தையைக் கவனிங்க. கூட எதுவுமே வரலைன்னா, சொல்றவங்க முகத்தைக் கவனிங்க.