ஸ்டெம் செல்லும் இன்சுலினும்: ஒரு தந்தையின் தேடல்

நம் உறவினர்களுள் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. ரமலான் நெருங்கினால், நோன்பு நோற்கலாமா, ஊசியின் அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டு வருவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த ஊசியே தேவைப்படாத நிலையை உருவாக்க முயன்றவர்களின் வரலாற்றை இங்கே பார்ப்போம்.

1922 ஜனவரியில் டொரண்டோ நகரில், நீரிழிவால் மெலிந்து மரணத்தை நெருங்கியிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு விலங்கின் கணையச் சாறு செலுத்தப்பட்டது. முதல் ஊசி பலனளிக்கவில்லை. பன்னிரண்டு நாட்களுக்குப் பின், மேலும் தூய்மைப்படுத்திய சாறு அவனைப் பிழைக்க வைத்தது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகம் பயன்படுத்திய இன்சுலின், மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. பன்றியின் இன்சுலின் முஸ்லிம் நோயாளிகளுக்கு மனச்சங்கடம் தந்தது. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் உயிர் காக்க அது ஆகும் என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் விளக்கமாக இருந்தது. பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினை உருவாக்கும் முறை 1978இல் கண்டறியப்பட்டு, 1982இல் அம்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகே அச்சங்கடம் விலகத் தொடங்கியது.

ஆயினும் ஊசி ஊசிதான். கணையத்தில் அல்லாஹ் அமைத்திருக்கும் பீட்டா செல்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் நொடிதோறும் உணர்ந்து, தேவையான அளவு இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றலே அச்செல்களைப் பகையெனக் கருதி அழித்துவிடுகிறது. அழிந்த செல்களுக்கு மாற்றுச் செல்களை வைக்க முடியுமா? முடியும் என்று 2000இல் கனடாவின் எட்மன்டன் மருத்துவர்கள் காட்டினர். இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த செல் திட்டுகளை ஏழு நோயாளிகளின் கல்லீரலுக்குள் செலுத்தினர். எழுவரும் ஊசியை நிறுத்தினர். ஆனால் ஒருவருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட கணையங்கள் தேவைப்பட்டன. உலகின் தேவைக்கு அத்தனை கணையங்களுக்கு எங்கே போவது?

இங்கேதான் டக்ளஸ் மெல்டன் வருகிறார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தவளைக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். 1991இல், ஆறு மாதக் குழந்தையான மகன் சாமுக்கு முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டதும், தம் ஆய்வுக்கூடத்தின் திசையையே மாற்றினார். எந்தச் செல்லாகவும் மாறவல்ல மனித ஸ்டெம் செல்களை 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் கருவிலிருந்து வளர்த்தெடுத்தபோது அவருக்கு வழி தென்பட்டது. 2001இல் அமெரிக்க அரசு இத்தகைய ஆய்வுக்கான நிதியைக் கட்டுப்படுத்தியது. மெல்டன் தனியார் நிதியைத் திரட்டித் தொடர்ந்தார். அதே ஆண்டில் மகள் எம்மாவுக்கும் அதே நோய் வந்தது.

தாயின் கருவறையில் கணையம் உருவாகும் படிகளை அதே வரிசையில் கண்ணாடிக் குடுவையில் நிகழ்த்த வேண்டும். எந்த வேதிப்பொருளை எந்த நாளில் சேர்ப்பது என்பதைக் கண்டறிவதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. 2014 அக்டோபரில் அவர் குழு வெற்றியை அறிவித்தது. அச்செல்கள் நீரிழிவுற்ற எலிகளின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தின.

கருவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நம்மவர்க்கும் உரியதே. மக்காவில் 2003இல் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில், செயற்கைக் கருத்தரிப்பில் எஞ்சிய கருக்களைப் பெற்றோர் மனமுவந்து அளித்தால் பயன்படுத்தலாம் என்றும், இதற்கென்றே கருக்கலைப்புச் செய்வது கூடாது என்றும் முடிவு செய்தது. தோல் போன்ற சாதாரணச் செல்களையே ஸ்டெம் செல்லாக மாற்றும் வழியை ஜப்பானின் யமனாகா 2006இல் கண்டதிலிருந்து, கருவைத் தொடாத பாதையும் திறந்திருக்கிறது. சீனாவின் தியான்ஜினில் ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தச் செல்களிலிருந்தே இவ்வாறு உருவாக்கிய திட்டுகள் 2023இல் வைக்கப்பட்டன. 75 நாட்களில் அவர் ஊசியை விட்டார்.

மெல்டன் தம் பிள்ளைகளின் பெயர்களை இணைத்துச் 'செம்மா' என்று தொடங்கிய நிறுவனம் பின்னர் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் வசமானது. அதன் சோதனையில் முழு அளவு செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டுக்குப் பின் இன்சுலின் இன்றி இருந்ததாக 2025இல் முடிவு வெளியானது. இதை வாசித்து மகிழும்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புதிய செல்களை உடல் அழித்துவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். சோதனையில் சேர்ந்தோரில் இருவர் இறந்தனர். அவர்களுள் ஒருவரின் மரணத்துக்குக் காரணம் மூளையுறையைத் தாக்கிய பூஞ்சைத் தொற்று.

இதனால்தான், "ஸ்டெம் செல் ஊசியால் சர்க்கரையை அடியோடு போக்குகிறோம்" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்போரைக் கண்டால் நமக்கு அச்சம் எழுகிறது. நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவு. மேற்சொன்ன அமெரிக்கச் சோதனையோ முதல் வகை நோயாளிகளிடம், அதிலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி விழுவோரிடம் செய்யப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற ஆய்வாகவே நடத்தலாம் என்கிறது. ஆய்வில் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

எதிர்ப்பாற்றலை அடக்காமலே செல்களைக் காக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. மரபணு திருத்தப்பட்ட செல்கள் ஸ்வீடனில் ஒருவரின் முன்கைத் தசையில் வைக்கப்பட்டன. அடக்கும் மருந்து எதுவுமின்றி 12 வாரங்களுக்குப் பின்னும் அவை இன்சுலின் சுரந்ததாக 2025இல் அறிவித்தனர். அவை ஸ்டெம் செல்லிலிருந்து வந்தவை அல்ல, கொடையாளி ஒருவரின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அளவும் மிகக் குறைவு. அந்த நோயாளிக்கு ஊசி இன்னும் தேவைப்பட்டது.