கடவு: ஒரு சொல்லின் வழித்தடம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆரம்பாக்கம் தாண்டியதும் தமிழ்நாடு முடிந்து தடா வந்துவிடும். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். டீக்கடைப் பேச்சு மாறாது, அங்கே தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். அதன் அருகே சத்தியவேடு பக்கமாக விரிந்து கிடக்கிறது ஸ்ரீ சிட்டி. 2008இல் தொடங்கிய தொழில் நகரம். மெட்ரோ ரயில் பெட்டியும் ஏசியும் சாக்லேட்டும் அங்கே தயாராகின்றன.

எல்லை என்பது இந்த மண்ணுக்குப் பழகிய சங்கதி. சத்தியவேடு வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தபோது, அது ஆந்திரத்தின் சித்தூரோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்ததும் அதற்குள் போயிற்று. ஸ்ரீ சிட்டியின் ஒரு பகுதி சிறப்புப் பொருளாதார மண்டலம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மண்டலம் சுங்கக் கணக்கில் நாட்டுக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படும். அதன் வாசலைத் தாண்டும் லாரி, சுங்கத்தின் பார்வையில் தேச எல்லையையே தாண்டுகிறது. அதற்கும் உள்ளே ஆலை வாசல், கழுத்தில் அடையாள அட்டை. மேசையில் உட்கார்ந்தால் கணினித் திரை கடைசியாக ஒன்று கேட்கும்: கடவுச்சொல்.

பேச்சில் எல்லோரும் பாஸ்வேர்டு என்றுதான் சொல்கிறோம். திரையில் மட்டும் வாழும் இந்தத் தமிழ்ப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கட என்ற வினையடியிலிருந்து வந்தது கடவு. கடந்து போகும் வழி. எங்கள் ஊர்த் தோட்டத்து வேலியில் ஓரிடத்தில் கவை மரம் ஒன்றை நட்டிருப்பார்கள். ஆள் காலைத் தூக்கி வைத்து உள்ளே போய்விடலாம், மாட்டால் முடியாது. அந்த இடத்துக்குப் பெயர் கடவு. மதில் எல்லோரையும் தடுக்கும், திறந்த வெளி எல்லோரையும் விடும். கடவோ ஆளைப் பார்த்து விடும். இந்த நுட்பத்தைப் பாட்டி காலத்து வேலி அறிந்திருந்தது.

மலையாளத்தில் கடவு என்றால் ஆற்றுத் துறை, தோணி ஏறும் இடம். இலங்கைத் தமிழர் சாலையைக் கடக்கும் இடத்தைப் பாதசாரிக் கடவை என்கிறார்கள். தண்டவாளத்தைச் சாலை வெட்டும் இடம் புகையிரதக் கடவை. பாஸ்போர்ட்டை அவர்கள் கடவுச்சீட்டு என்று இயல்பாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் மனம் நிறையும். தெலுங்கில் கடப என்றால் வாசற்படி. திருமலைக்கு வடக்கிலிருந்து வருவோருக்கு வாசற்படியாக நின்றதால்தான் கடப்பாவுக்கு அந்தப் பெயர் என்பது அங்கே வழங்கும் விளக்கம். நம் கடவும் அவர்களுடைய கடபவும் ஒரு வேரின் கிளைகள் என்றே நினைக்கிறேன். ஆனால் பாஸ்வேர்டுக்குத் தெலுங்கு அந்த வேரைத் தேடிப் போகவில்லை. சங்கேதபதம் என்று வைத்துக்கொண்டது. அதில் முன்னால் நிற்பது ரகசியக் குறிப்பு. நம் சொல்லில் முன்னால் நிற்பது வழி.

வழியும் சொல்லும் நேருக்கு நேர் சந்தித்த கதை ஒன்று விவிலியத்தில் இருக்கிறது. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம். யோர்தான் ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், கடக்க வந்தவர்களை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். எதிரிகளான எப்பிராயீமியருக்கு ‘ஷ’ வராது, ‘சிபோலேத்’ என்பார்கள். அந்த ஓர் எழுத்துக்காக 42,000 பேர் மாண்டதாக அந்நூல் சொல்கிறது. மலையாளிகள் கடவு என்று சொல்லும் அதே ஆற்றுத் துறையில், உச்சரிப்பே அடையாளமாகிவிட்ட கொடுமை அது.

சொல் கேட்டு வழிவிடும் இந்தப் பழக்கம் கணினிக்குள் நுழைந்தது 1961 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடியில். ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அவரவர் கோப்பு அவரவர்க்கே இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்குக் கணினி நேரம் போதவில்லை என்று மொத்தப் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டார். சொல்லை மட்டும் நம்பிய காவல் அவ்வளவுதான் தாங்கியது.

இன்றைய ஆலைகள் தங்கள் கணக்கு வழக்கையும் உற்பத்திப் பதிவையும் கிளவுடில் வைக்கின்றன. அமேசானின் கிளவுடில் ஒரு நிறுவனம் கணக்குத் திறந்தால், திறந்த மின்னஞ்சலின் பெயரில் முதல் ஆள் பிறக்கிறார்: ரூட் யூசர். அவரால் எல்லாம் முடியும், கணக்கையே மூடவும் முடியும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்த ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்திருந்தோம். ஒரு நாள் ஒரு சர்வர் அழிந்தது. அழித்தது யார் என்று பதிவேட்டைப் பார்த்தால் எல்லா வரியிலும் ரூட், ரூட், ரூட். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்ட அந்த மாலை இன்னும் உறுத்துகிறது.

செய்திருக்க வேண்டியது வேறு. ரூட்டுக்கு இரண்டாம் சரிபார்ப்பைப் பூட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஐடி தர வேண்டும். அமேசானில் அதற்கான ஐஏஎம் என்ற ஏற்பாடு 2011இலிருந்தே முழுப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் புதிதாக உருவாகும் பயனரால் எதையும் தொட முடியாது. எல்லாம் மறுப்பிலிருந்துதான் தொடங்கும். பிறகு கணக்குப் பிரிவுக்கு இது, உற்பத்திப் பிரிவுக்கு அது என்று பாலிசி எழுதி ஒவ்வொரு வழியாகத் திறக்கிறார்கள். ஒன்று அனுமதித்து இன்னொன்று வெளிப்படையாக மறுத்தால், மறுப்பே வெல்லும். ரோல் என்று ஒன்று உண்டு, சில மணி நேரத்துக்கு மட்டும் ஏற்றுக்கொண்டு கழற்றி வைக்கும் பொறுப்பு. கவை மரத்தின் வேலை இதுதானே: இந்த ஆள், இந்த வழி, இவ்வளவு தூரம். ஒப்பந்தத் தொழிலாளர் மாதந்தோறும் மாறுகிற தொழில் நகரத்தில், போனவரின் வழியை அன்றே அடைப்பதும் இதே வேலையின் பாதி.

பாஸ்வேர்டைக் காப்பது பற்றியே நாம் ஓயாமல் பேசுகிறோம். பெயரின் முற்பாதியை யாரும் கவனிப்பதில்லை. சொல் யாரென்று காட்டும். எதுவரை போகலாம் என்பதைக் கடவுதான் சொல்லும்.

இப்போது அந்தச் சொல்லும் போகிற காலம். 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து முன்னெடுத்த பாஸ்கீயில் தட்டச்சு செய்ய எதுவுமில்லை. போனில் விரல் ரேகையோ முகமோ போதும். சங்கேதபதத்தில் இனி பதம் இல்லை என்பதால் தெலுங்குக்குப் புதுப் பெயர் தேட வேண்டியிருக்கும். தமிழில் பின்பாதியை மட்டும் மாற்றிக் கடவுச்சாவி என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.