‘அடி’ என்னுஞ் சொல்லும் அதன் பரியாயங்களும்

கடையநல்லூர் தென்காசிக்கு வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. கருப்பாநதியின் நீர் அவ்வூர்ப் பக்கத்து வயல்களுக்குக் கால்வாய் வழியே பாய்கின்றது. அறுவடை முடிந்தபின் அவ்வயல்களில் நெற்றாள் எஞ்சி நிற்கும். அடிவாரம், கால்வாய், நெற்றாள் என்னும் இம்மூன்று சொற்களிலும் மக்களுடம்பின் கடைப்பட்ட உறுப்பின் பெயர்களாகிய அடி, கால், தாள் என்பன முறையே மலைக்கும் நீருக்கும் பயிருக்கும் ஆகி நிற்கின்றன. அவற்றுள் அடியும் தாளும் சைவ நூல்களில் உயிர் எய்தும் முடிந்த பேற்றையும் குறிக்கின்றன. உடம்பில் மிகத் தாழ்ந்தது சொல்வழக்கில் மிக உயர்ந்ததாயினமை எவ்வாறு என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அடி என்பதன் முதற்பொருள் பாதம். நிற்கும் பொருளையெல்லாம் அதன் கீழ்ப்பகுதியே தாங்குதலின், மரத்தின் அடி, குடத்தின் அடி எனப் பிற பொருள்களின் கீழ்ப்பகுதிக்கும் அது பெயராயிற்று. கட்டடத்திற்கு முதற்கண் இடப்படுவது அடிக்கல். செய்யுளில் சீர்கள் தொடர்ந்து நடப்பதும் அடியே. தொல்காப்பியர் அதனை எழுத்தெண்ணி, 4 எழுத்து முதல் 20 எழுத்து வரை, குறளடி முதலாகக் கழிநெடிலடி ஈறாக ஐவகைப்படுத்தினார். நீட்டலளவைக்கும் அடி பெயராயிற்று. முதற் குலோத்துங்கசோழன் காலத்தில் அரசனது ஸ்ரீபாதத்தை அளவாகக் கொண்ட நிலமளக்குங் கோல் வழங்கிற்று. இவை யாவற்றினும் தாங்குதல், தொடங்குதல், நடத்தல், அளத்தல் என்னும் அடியின் தொழில்களே பொருளாய் விரிந்தமை காண்க.

கால் என்பது காற்றையும், நீர் நடக்கும் வழியையும், நான்கிலொரு கூற்றையும் உணர்த்தும். வடமொழிப் ‘பாதம்’ என்பதும் திருவடியோடு நான்கிலொரு கூற்றையும் உணர்த்தும். நாற்கால் விலங்கிற்கு ஒரு கால் நான்கிலொன்றாதல் இதற்கு இயைபாம். சிவாகமங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களாக வகுக்கப்பட்டதும் இப்பொருள் பற்றியே. ஆயின் ‘சத்திநிபாதம்’ என்னுந் தொடரில் உள்ள பாதம் இதுவன்று. அது வீழ்தலைக் குறிக்கும் வேறொரு வடமொழித் தாதுவினின்று பிறந்தது. வடமொழியில் எழுத்தால் வேறுபட்ட இரண்டும் தமிழில் ஒருவடிவாய் எழுதப்படுதலின், திருவருள் உயிரின்கண் பதிதலாகிய அதனைத் திருவடி எனக் கொண்டு மயங்குவாரும் உளராவர். அம்மயக்கம் விலக்கற்பாலது.

தாள் என்பது பாதத்தோடு முயற்சியையும் குறிக்கும். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை கூறுமிடத்துத் ‘தாளாண்மை’ என்றதும் அப்பொருளிலேயாம். அவர் கடவுள் வாழ்த்துப் பத்துக் குறளுள் ஏழில் இறைவன் பாதத்தைக் கூறினார். மூன்றில் அடி என்றும், நான்கில் தாள் என்றும் சொல் அமைந்துள்ளது.

கழல் என்பது முதற்கண் வீரர் காலிலணியும் அணி. பின்னர்த் தானியாகுபெயராய் அதனை அணிந்த அடிக்கே பெயராயிற்று. அணியே முதலிற் கண்ணிற்பட்டு அடியைக் காட்டும் இயல்பினைத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியினும் காணலாம். பிரிந்து வந்த சிங்கன் சிங்கியின் காலிற் சிலம்பைக் கண்டு, விரியன் பாம்போ என மருண்டு வினவுகின்றான். ஆண்டு நகையாட்டாய் நின்ற காலணி, மெய்கண்டதேவரிடத்தில் முடிந்த பொருளைச் சுட்டும் சொல்லாய் நிற்கின்றது. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரமும் பதினோராஞ் சூத்திரமும் உயிர் அரன் கழலைச் சென்றடையும் என்றே முடிகின்றன. அருவப் பொருளாகிய இறைவனுக்கு அடி என்பது உறுப்பன்று. உயிரைத் தாங்கி நின்று, அதற்கு எட்டும் அளவிற்கு இறங்கி வரும் திருவருளே அடி எனப்பட்டது.

குற்றாலத்துச் சித்திரசபை கூத்தப்பெருமானின் ஐஞ்சபைகளுள் ஒன்று. அப்பெருமானின் இரு திருவடிகளுக்கும் மனவாசகங்கடந்தார் உண்மைவிளக்கத்திற் பொருள் வகுத்தார். ஊன்றிய திருவடி மறைத்தலையும், எடுத்த திருவடி முத்தியருளுதலையும் காட்டும் என்பது அது. நிலத்திற் பதிந்த அடி தாங்க, எடுத்த அடி வீடு தருகின்றது.

இனி, அடியை உடையார் அடியார். இறைவனடி தலைமேற் கொண்டமையின் அப்பெயர் பெற்றனர். திருநல்லூரில் அப்பர் சுவாமிகளின் முடிமேல் இறைவன் திருவடி சூட்டியமை பெரியபுராணத்துட் கூறப்படும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் தொண்டர்களைப் பெயர் சொல்லி, அவர்க்கு அடியவராகத் தம்மை வைத்துப் பாடினார். தன்னைத் தாழ்த்துவான் ‘அடியேன்’ என்பான். பெரியோரை உயர்த்துவான் ‘அடிகள்’ என்பான். தாழ்வுக்கும் உயர்வுக்கும் ஒரு சொல்லே ஆயினமை இதனாற் பெறப்படும். தலை தாழ்ந்து சென்று பொருந்தும் இடம் அடியாதலின், பணிவாரும் பணியப்படுவாரும் அங்கே கூடுகின்றனர்.

இச்சொல்லின் பொருளைச் செயலாற் காட்டிய அரசன் ஒருவன் இந்நாட்டில் வாழ்ந்தான். தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தை அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் எடுக்கத் தொடங்கினான். அவ்வாலயத்தில் அவன் பெயரால் அமைந்த கல்வெட்டுப் பாடலொன்று உளது. பிற்காலத்து இவ்வாலயத்திற்குக் குற்றம் நேருமாயின், அப்போது வந்து அதனை நீக்கிப் புரப்பவர் யாவராயினும், அவரை உலகறியத் தான் பணிவதாக அவன் அதிற் கூறுகின்றான். தனக்கு முடி வணங்கும் உலகில், இன்னும் பிறவாத, பெயரும் குலமும் அறியாத ஒருவரை முடிமன்னன் பணிந்தான் என்பது எண்ணத்தக்கது.

அவன் அஞ்சியவாறே குற்றமும் வந்தது. பெருங்கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. பின்னர், ஒன்பது நிலைகளோடு ஏறக்குறைய 180 அடி உயர்ந்த புதுக்கோபுரம் எழுந்து, 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கும் நிகழ்ந்தது. அதன்பொருட்டுப் பொருள் உதவினாரும், கல்லும் மண்ணும் சுமந்தாரும், திருப்பணி நடத்தினாரும் ஆகிய அனைவரும் ஐந்நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு பாண்டியனது வணக்கத்தைப் பெற்றவராவர்.

சிவஞானபோதத்து இறுதிச் சூத்திரம் இறைவன் தாளைச் சேரவொட்டாத மலத்தைக் கழுவுக என்று தொடங்கி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்று முடிகின்றது. தாள், அடியார், ஆலயம் என்னும் மூன்றும் ஒரு சூத்திரத்துள் நின்ற முறை இது. ஆலயத்தை எடுத்து, அதனைக் காக்க வரும் அடியாரைப் பணிந்த பராக்கிரம பாண்டியன் அம்முறையைக் கல்லிற் பொறித்தான். அடி என்னுஞ் சொல்லுக்கு நிகண்டு தரும் பொருள்களோடு இக்கல்வெட்டையும் ஓர் உரையாகக் கொள்க.