கருக்கலைப்புச் சட்டமும் மருத்துவ அணுக்கமும்: அனுமந்தைக் கடற்கரையை முன்வைத்து

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்கும் நோக்கிலன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. கலைத்துக்கொண்ட பெண்ணும் தண்டனைக்குரியவளானாள். மறைவான கருக்கலைப்புகளால் நேர்ந்த மரணங்களைக் கருத்திற்கொண்டு, 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைவழி, 1971இல் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அது தண்டனைப் பிரிவை நீக்காமல் விலக்கு மட்டுமே அளித்தது. முடிவு மருத்துவரின் கருத்தைச் சார்ந்தது. 12 வாரங்களைக் கடந்தால் இரு மருத்துவரின் கருத்து தேவைப்பட்டது.

மரக்காணம் உப்பளக் கடற்கரையின் அனுமந்தை போன்ற ஊர்களில் நாட்கூலியை நம்பி வாழும் பெண்ணுக்கு, இரண்டாம் மருத்துவரைத் தேடும் பயணம் கூலியிழப்பாகும். தாமதமோ வாரக்கணக்கைக் கூட்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 20 வாரம்வரை ஒருவர் கருத்தே போதும் என்றது. எனினும், குற்றப்பிரிவு 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆகவே, இவ்வுரிமையை வாரங்களால் மட்டுமன்றி, தகுதிபெற்ற மருத்துவரின் அருகமைவாலும் அளத்தல் வேண்டும்.